மைனியின் பெயரில் ஒரு படம்

எனக்கு மன்னிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச்சில் மன்னிப்பைப் பற்றிக் கேட்கிறேன், ஆமென் சொல்கிறேன், வெளியே வந்து செருப்பை மாட்டும்போதே பழைய ஆளாகிவிடுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் ஒரு உயிரைக் காப்பாற்றியதும் வரும். அதைப் படித்துவிட்டு யாரும் என்னை நல்லவள் என்று நினைத்துவிடக் கூடாது.

தக்கலையில் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியனாக இருக்கிறேன். படம் எடுப்பது, பிலிமைக் கழுவுவது, டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்வது, எல்லாம் நான்தான். படம் பார்த்துச் சொல்லும் டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் திருவனந்தபுரத்திலிருந்து வருவார். செவ்வாய் பார்த்ததற்கு வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுவார். அதிகம் பேசமாட்டார். ஒன்றை மட்டும் விடாமல் சொல்வார்: “ஒத்தப் படத்தை நம்பாதே.”

அதன் பொருள் எனக்குப் போகப்போகத்தான் புரிந்தது. மார்பை அழுத்தி எடுக்கும் மேமோகிராமில் பொடிப்பொடியான சுண்ணாம்புப் புள்ளிகள் தெரியும். ஆனால் சதை அடர்த்தியாக இருந்தால் படம் முழுக்க வெள்ளையாகிவிடும், கட்டியும் வெள்ளை, சதையும் வெள்ளை. அல்ட்ராசவுண்டில் அந்தப் புள்ளிகள் சரியாகத் தெரியாது. ஆனால் கட்டியின் விளிம்பு தெரியும், உள்ளே நீரா சதையா என்று தெரியும். சக்கைப்பழம், அதாவது பலாப்பழம், வாங்கும்போது தட்டியும் பார்க்கிறோம், மோந்தும் பார்க்கிறோம். ஒன்று ஏமாற்றினாலும் மற்றது காட்டிக்கொடுக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் டாக்டர் வாய் திறப்பார்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் என் அக்காவுக்கு இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டிருக்கிறது. அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கருங்கல்லில் இருந்தாள். அத்தான் வளைகுடாவில். ஒரே மகள், இருபத்தொரு வயது, அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். மாப்பிள்ளை குவைத்தில் இருந்து நாற்பது நாள் லீவில் வர வேண்டும். எங்கள் பக்கம் கல்யாணத் தேதியைக் குறிப்பது பாதிரியாரும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. குவைத்துக் கம்பெனிதான் குறிக்கிறது.

இப்படி ஒரு கட்டியைக் கண்டதும் ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிற தங்கச்சியிடம்தானே சொல்ல வேண்டும்? அக்கா மைனியிடம் போய்ச் சொன்னாள். மைனி என்றால் அத்தானின் மூத்த சகோதரி. அக்கா அப்படிக் கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். பள்ளிக்கூட டீச்சர். சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. ஜெபத்தை ஆரம்பித்தால் ஆக்கி வைத்த சோறு ஆறிப்போகும். அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அவள்தான். முகத்துக்கு நேரே நான் அவளை ‘நீங்க’ என்றுதான் பேசுவேன். எழுதும்போதாவது என் இஷ்டத்துக்கு எழுதுகிறேன்.

“தாய்க்க தீனம் மவளுக்கும் வரும்னு சொல்லுவாவ. இந்தச் சங்கதி மாப்பிள வீட்டுல தெரிஞ்சா எல்லாம் போச்சு” என்று மைனி அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பயம் பொய்யில்லை. எங்கள் மாவட்டத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் உள்ளே ஒரு சொந்தக்காரி நர்ஸாக இருப்பாள். காலையில் நீங்கள் டோக்கன் எடுத்தால் மத்தியானத்துக்குள் திருவட்டாறு வரைக்கும் தெரிந்துவிடும். மாப்பிள்ளை வீடு திருவட்டாறு.

அதனால் மைனி ஒரு வழி கண்டுபிடித்தாள். நாகர்கோவிலில் ஒரு இடத்துக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போய், சீட்டில் தன் பெயரைக் கொடுத்தாள். தன் பெயர், தன் வயது நாற்பத்தாறு. “எனக்க பேரில இருந்தா ஆரு என்ன சொல்லுவா? எனக்குக் கெட்டிக்குடுக்கப் பொம்பளப் பிள்ளை இல்லியே” என்றாளாம். பையன்கள் இரண்டுபேரும் வெளிநாட்டில். அக்கா அவள் பெயரில் உள்ளே போய் மேமோகிராம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

ரிப்போர்ட்டை மைனி வாங்கினாள், மைனியே படித்தாள். அடர்த்தியான மார்பு, இடது மேல்பக்கம் வெளிப்புறத்தில் சந்தேகமான ஒரு நிழல், சில புள்ளிகள், அல்ட்ராசவுண்ட் எடுத்துச் சேர்த்துப் பார்க்கவும் என்று அதில் இருந்ததைப் பின்னால் நாகர்கோவிலில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அக்காவிடம் அவள் சொன்னது, “ஒண்ணும் இல்ல, வெறும் கொழுப்பு.” இங்கிலீஷ் டீச்சருக்கு அந்த நாலு வரி புரியவில்லையாம். நம்ப வேண்டுமாம். கூடவே, படம் எடுத்ததைச் சாகும்வரை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வேதப்புத்தகத்தில் கைவைக்கச் சொல்லி சத்தியமும் வாங்கினாள்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து என்னைத் தேடி வந்தாள். “ஏட்டி, ஒரு ஸ்கேன் எடுத்துப் பாப்பமா? ஆருட்டயும் சொல்லப்பிடாது” என்றாள். அவளுடைய சொந்தப் பெயரிலேயே அல்ட்ராசவுண்ட் எடுக்க ஏற்பாடு செய்தேன். டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். சின்னக் கட்டி, பார்த்தால் சாதுவானது போலத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு பக்க விளிம்பு பிடிக்கவில்லை என்றார். “மேமோகிராம் எடுத்திருக்கா?” என்று கேட்டார்.

அக்கா மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு “இல்ல” என்றாள்.

எங்களிடம் அப்போது மேமோகிராம் மெஷின் கிடையாது. நாகர்கோவிலுக்குப் போய் எடுத்து வரும்படி டாக்டர் எழுதினார். மேமோகிராமுடன் சேர்த்துப் பார்த்தபின் முடிவு செய்யவும் என்ற வரியைத் தட்டச்சு செய்தவள் நான். அக்கா “கல்யாணம் கழியட்டும் மக்கா” என்றாள். நான் சண்டை போட்டேன். அவள் அழுதாள். நான் விட்டுவிட்டேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். விட்டுவிட்டேன். மைனிமேல் உள்ள கோபத்தில் கால்வாசி என்மேல் உள்ள கோபம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

மூன்று ஞாயிறு சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். கல்யாணம் நன்றாகவே நடந்தது. மைனி முன்வரிசையில் பட்டுச்சேலையில் இருந்தாள், சம்பந்திக்காரர்களை அவள்தான் வரவேற்றாள். மாப்பிள்ளை லீவு முடிந்து போனபோது அக்காவின் அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே எலும்பு ஸ்கேனில் முதுகெலும்பில் மூன்று இடம் கறுத்துத் தெரிந்தது. தேய்மானமாகவும் இருக்கலாம் என்று சி.டி. எடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்த அந்த டாக்டர், தேய்மானம் இல்லை என்று சொன்னார். எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை.

ஒன்றரை வருஷம் கிடந்தாள். கடைசி மாதத்தில் ஒருநாள் கஞ்சி கொடுக்கும்போது எல்லாவற்றையும் சொன்னாள். நாகர்கோவில், மைனியின் பெயர், சத்தியம், எல்லாம். கையில் இருந்த கரண்டியை நான் எங்கே வைத்தேன் என்று ஞாபகம் இல்லை. “பிள்ளைக்குத் தெரியப்பிடாது. அவளுக்கக் கல்யாணத்துக்காவண்டிதான்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா. எனக்குச் சத்தியம் பண்ணு” என்றாள். பண்ணினேன். எங்கள் குடும்பத்தில் சத்தியத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

அக்கா இறந்த நாற்பத்தொன்றாம் நாள் ஜெபம் முடிந்ததும் மைனி வீட்டுக்குப் போனேன். அந்தப் படம் எங்கே என்று கேட்டேன். “எங்கெயோ போச்சு” என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லதுக்குத்தான் மக்கா செய்தேன். எனக்க பேரையே குடுத்தேன்லா? வேற ஆரு குடுப்பா?” என்றாள். கொடைவள்ளல்! அந்த நிமிஷம் அவள் கழுத்தைப் பிடித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். பிடிக்கவில்லை, அதனால் ஆறவில்லை.

ஐந்து வருஷம் என்னால் முடிந்த சில்லறைப் பழிகளை எல்லாம் வாங்கினேன். சர்ச் அசன விருந்தில் அவள் சோறு விளம்பிக்கொண்டு வந்தால் இலையை மடக்கிவிட்டு எழுந்துவிடுவேன். பெண்கள் கூட்டத்தில் அவள் பேச எழுந்தால் எனக்கு இருமல் வரும். அதெல்லாம் யானைப்பசிக்குச் சோளப்பொரி. அவளோ நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே போனாள். தாயில்லாப் பிள்ளைக்குத் தாயாக இருக்கிறாள் என்று ஊரே சொன்னது. அக்காவின் மகளும் “மாமி, மாமி” என்று அவளையே சுற்றிக்கொண்டிருந்தாள். புருஷன் குவைத்தில் இருந்ததால் மாமி வீட்டில்தான் பாதிநாள்.

அந்தப் பிள்ளைதான் ஒரு செவ்வாய்க்கிழமை மைனியை ஸ்கூட்டரில் வைத்துக் கூட்டிவந்தாள். “சித்தி, மாமிக்கு ஒரு கட்டி. இடது பக்கம். எனக்குப் பயமா இருக்கு” என்றாள். சீட்டைப் பார்த்தேன். மைனிக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது.

அதற்குள் எங்களிடம் மேமோகிராம் மெஷின் வந்திருந்தது. மைனியை நிறுத்தி, தட்டை இறக்கினேன். “எனக்க ஏசுவே, இப்பிடியா நசுக்குவாவ!” என்று கத்தினாள். அவள் பெயரில் ஏற்கெனவே ஒரு மேமோகிராம் எடுத்தாகிவிட்டது. அவளுக்கு அது எப்படி இருக்கும் என்றே தெரியவில்லை. அந்த நசுக்கலையும் என் அக்காதான் பட்டிருக்கிறாள். தேவைக்கு மேல் நான் இறுக்கவில்லை. குறைக்கவும் இல்லை.

மைனி உள்ளே சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது பிள்ளை ஒரு பழுப்புக் கவரை என்னிடம் நீட்டினாள். “மாமிக்க பழைய படம் சித்தி. அலமாரியில துணிக்கு அடியில இருந்துது. டாக்டருக்கு உதவும்லா?” எங்கள் ஆட்களுக்கு ஸ்கேன் படத்தைத் தூரப் போட மனசு வராது. கொலைகாரிக்குக்கூட வரவில்லை. கவரின்மேல் மைனியின் பெயர் அழகாக எழுதியிருந்தது. பழைய ரிப்போர்ட் அதில் இல்லை. உள்ளே இருந்தது என் அக்கா.

டாக்டர் என் கையிலிருந்து வாங்கி, பழையதையும் புதியதையும் லைட் பாக்ஸில் மாட்டினார். மார்பில் கட்டி அதிகமாக வருகிற இடம் இடது மேல்பக்கம் வெளிப்புறம்தான். இரண்டு படத்திலும் அதே இடத்தில் ஒரே அளவில் ஒரு நிழல். அல்ட்ராசவுண்டும் செய்து பார்த்தார், அதில் பாதிச் சந்தேகம் இருந்தது. அந்தப் பாதியைப் பழைய படம் தீர்த்து வைத்தது. “ஏழு வருஷமா வளரவே இல்லை. கெட்டது சும்மா இருக்காது. ஒரு வருஷம் கழிச்சு வந்து பார்த்தா போதும்” என்றார். வாழ்நாள் முழுக்க ஒத்தப் படத்தை நம்பாத மனுஷன், மூன்று படத்தைச் சேர்த்து வைத்துப் பார்த்து ஏமாந்தார். எல்லாம் ஒரே ஆளின் படம் என்று நம்பியது மட்டும்தான் அவர் செய்த தப்பு.

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்தேன். பிள்ளை வெளியே ஓடிப்போய் மைனியைக் கட்டிப்பிடித்தாள். “மாமி, உங்க பழைய படத்தையும் வச்சுப் பாத்தாவ! ஒரு மாற்றமும் இல்லியாம்! ஸ்தோத்திரம்!”

மைனியின் முகத்தை அப்போது பார்த்தேன். ரத்தம் சுண்டிப்போயிருந்தது. எந்தப் படம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பிள்ளை நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

செவ்வாயிலிருந்து வெள்ளிவரை நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம், போடவில்லை. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். சுடட்டும், நான் ஏன் தண்ணீர் ஊற்ற வேண்டும்? நான் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். வியாழக்கிழமை மத்தியானம் சோறு தின்னும் நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு அக்காவின் படத்தை லைட் பாக்ஸில் மாட்டினேன். மேஜை இழுப்பறையில் நான் பத்திரமாக வைத்திருந்த அவளுடைய அல்ட்ராசவுண்ட் படத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஏழு வருஷம் பிந்தி இரண்டும் ஒன்றாக வந்தன. டாக்டருக்குப் பிடிக்காத அந்த விளிம்பு ஒன்றில் இருந்தது. அதே இடத்தில் உப்புத் தூவியதுபோல் புள்ளிகள் மற்றதில் இருந்தன. டாக்டர் தேவையில்லை, எனக்கே தெரிந்தது. அன்றைக்கே இதைப் பக்கத்தில் வைத்திருந்தால் என் அக்கா இருந்திருப்பாள். சோற்றுப்பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு அழுதேன். அழுது முடித்தபோது மைனி சாக வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். பிள்ளையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ஒரு படம் சரியில்லை என்று பொய் சொல்லி மைனியை மேமோகிராம் அறைக்குள் கூட்டிப்போனேன். கனமான கதவு, வெளியே கேட்காது.

“அது ஆருக்க படம் மைனி?” என்றேன்.

அவள் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

“உங்க வாயால சொல்லணும். டாக்டர் முன்னால, அந்தப் பிள்ளை முன்னால. சொன்னா ரிப்போர்ட் மாறும். இல்லன்னா இத வாங்கிட்டுப் போங்க. ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்கு. எங்க அக்காட்ட நீங்க சொன்னதும் அதுதானே?”

“அவளுக்குத் தெரியண்டாம் மக்கா” என்றாள். “வேற என்ன வேணும்னாலும் செய்யி.”

“அப்ப வீட்டுக்குப் போய்ச் சாவுங்க.”

சொல்லிவிட்டேன். இப்போதும் அதற்காக வருத்தப்படவில்லை. அவள் கெஞ்சுவாள், காலைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் ஐந்து வருஷம் காத்திருந்தேன். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “கையெழுத்து வாங்கித் தா. நான் போறேன்” என்றாள்.

உயிரைவிட அந்தப் பெயர் பெரிதாக இருந்தது அவளுக்கு. செத்தால் என்ன நடக்கும் என்று எனக்குக் கண்ணில் தெரிந்தது. பெரிய அடக்க ஆராதனை, இரண்டு பாதிரியார், தாயில்லாப் பிள்ளைக்குத் தாயாக இருந்தவள் என்று பிரசங்கம். பிள்ளை பெட்டியின்மேல் விழுந்து அழுவாள். என் அக்காவுக்குக்கூட அந்தக் கூட்டம் வரவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பின்வரிசையில் நிற்க வேண்டும். நல்லவளாகச் சாக அவளை விடமாட்டேன் என்று அந்த இடத்தில் முடிவு செய்தேன்.

டாக்டர் அறையில் பிள்ளையும் வந்து நின்றாள். டாக்டர் பேனாவைத் திறந்து தாளில் வைத்தார்.

“கையெழுத்துப் போடாதீங்க டாக்டர்” என்றேன். “அந்தப் பழைய படம் இவங்க படம் இல்ல. எங்க அக்காவோட படம். இவங்க பேரில எடுத்தது.”

டாக்டர் பேனாவை மூடினார். லைட் பாக்ஸைப் போட்டு, பழைய படத்தை ஓரத்துக்குத் தள்ளி மாட்டிவிட்டுப் புதிய படத்தைத் தனியாகப் பார்த்தார். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், திங்கட்கிழமையே போக வேண்டும் என்றார்.

பிள்ளை யாரையும் பார்க்கவில்லை. பழைய படத்தின் அருகே போய் நின்றாள். “இது அம்மாவா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“எப்ப எடுத்தது?”

படத்தின் மூலையில் தேதி இருந்தது. அவளே படித்துக்கொண்டாள். தன் கல்யாணத்துக்கு எத்தனை மாதம் முந்தி என்று கணக்குப் போட அவளுக்கு நேரம் ஆகவில்லை. மைனியைப் பார்த்துத் திரும்பி, “எனக்காவண்டியா மாமி?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். மைனிக்கு ஜெபம் ஒன்றும் வரவில்லை. பிள்ளை படத்தைக் கழற்றி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டாள்.

மைனிக்கு இருந்தது புற்றுநோய்தான். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டதால் ஆப்பரேஷனோடு தப்பித்தாள். பிள்ளை அவள் வீட்டுப் படி மிதிப்பதில்லை. அக்காவுக்குப் பண்ணின சத்தியத்தைப் பிறகு நானே அவளிடம் சொன்னேன். அதை மீறினவள் என்று என் வீட்டுக்கும் ரொம்ப நாள் வரவில்லை. அக்கா பயந்தது சரிதான், அவள் தாங்கவில்லை. கல்யாண ஆல்பத்தைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு நான் அக்காவிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மைனி வருஷம் ஒருதடவை பரிசோதனைக்கு எங்களிடமே வருகிறாள். வேறு இடத்துக்குப் போகலாம், ஆனால் பழைய படமெல்லாம் எங்களிடம்தான் இருக்கிறது. கருங்கல்லில் இருந்து பஸ் ஏறி, கூட ஆள் இல்லாமல் வருகிறாள். அவளைப் பற்றிய எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடும். நான் தட்டுவதில்லை. ஹாலில் ஆட்கள் நிறைந்திருக்கும்போது சீட்டையும் பேனாவையும் எடுத்துவைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்து ஒவ்வொரு வருஷமும் கேட்கிறேன்.

“பேரு?”

அவள் சொல்லும்வரை காத்திருக்கிறேன்.